முப்பத்தைந்தும் பதினேழும்

(மகளிர் நாளையொட்டி ஒரு நூலக வாசகர் வட்டத்தில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘தாயின் வயதும் கர்ப்பமும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அழைப்பிதழ் கைக்கு வந்தபோது அதற்குக் கீழே ‘35 வயதுக்கு மேல் எச்சரிக்கை!’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரியும் சேர்ந்திருந்தது. சேர்த்தவரைக் குறை சொல்லமாட்டேன். கர்ப்பிணிகளின் அட்டையில் நாங்களும் அப்படித்தான் எழுதி வைக்கிறோம். 34 என்றால் நிம்மதி, 35 என்றால் ஆபத்து என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை. ஆகவே அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

1958-இல் உலக மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு, 35 வயதிலோ அதற்குப் பிறகோ முதல் பிரசவத்துக்கு வரும் பெண்ணை ‘வயது கூடிய முதல் கர்ப்பிணி’ என்று வகைப்படுத்தியது. அது பிரசவ வலியையும் ஆபரேஷனையும் மனத்தில் வைத்து இழுத்த கோடு. அந்தக் கோடு கல்வெட்டு மாதிரி நிலைத்துப்போனது 1970-களில்தான். அப்போது பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, அதில் மிதக்கும் குழந்தையின் செல்களை வளர்த்து, குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் சோதனை மேலை நாடுகளில் பரவலாக வந்தது. நல்ல சோதனைதான். ஆனால் வயிற்றுக்குள் ஊசி போகிறது, கரு கலைந்துவிடலாம். அன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு அப்படி ஆகலாம் என்றார்கள். இந்த ஆபத்தை யாரிடம் எடுக்கலாம்? சோதனையில் கோளாறு தெரியவரும் வாய்ப்பும் 200-இல் ஒன்றை எட்டும் வயதில் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அந்த வயது ஏறத்தாழ 35.

அவ்வளவுதான் சங்கதி. முப்பத்தைந்தாவது பிறந்தநாளன்று பெண்ணின் உடம்புக்குள் எதுவும் முறிந்துபோவதில்லை. ஓர் ஊசியின் ஆபத்தையும் ஒரு கோளாறின் வாய்ப்பையும் தராசில் வைத்தார்கள், முள் 35-இல் நின்றது. இன்று அந்த ஊசியால் கரு கலையும் வாய்ப்பு பழைய கணக்கைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. ஊசியே இல்லாமல் தாயின் ரத்தத்திலிருந்து குழந்தையின் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் சோதனையும் வந்துவிட்டது. ஹாங்காங்கில் டென்னிஸ் லோ என்ற மருத்துவர் 1997-இல் காட்டிய வழி அது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2007-இலேயே, எந்த வயதானாலும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் குரோமோசோம் கோளாறுக்கான பரிசோதனைகளைச் சொல்லுங்கள் என்று அறிவித்துவிட்டது. ஆனால் எண் மட்டும் தங்கிவிட்டது. நம் நாட்டில் 1994-இல் வந்த, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். எந்தச் சூழலில் கருவில் மரபணுச் சோதனை செய்யலாம் என்ற பட்டியலில் முதலில் நிற்பது, ‘கர்ப்பிணியின் வயது 35-க்கு மேல்’.

உண்மையில் இருப்பது ஒரு சரிவு. குரோமோசோம் கோளாறுகளில் டவுன் சிண்ட்ரோம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 25 வயதுத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 1,250-க்கு ஒன்று. 30 வயதில் சுமார் 900-க்கு ஒன்று. 34-இல் 450-க்கு ஒன்று, 35-இல் 350-க்கு ஒன்று, 36-இல் 300-க்கு ஒன்று. நாற்பதில் 100-க்கு ஒன்று, நாற்பத்தைந்தில் 30-க்கு ஒன்று. 34-க்கும் 36-க்கும் நடுவில் மதில் சுவர் எதுவும் இல்லை. நாற்பதை நெருங்க நெருங்கத்தான் சரிவு செங்குத்தாகிறது. இன்னொன்றும் உண்டு. டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பகுதி 35 வயதுக்கு உட்பட்ட தாய்மார்களுக்கே பிறக்கின்றன. அவர்கள்தானே அதிகம் பிள்ளை பெறுகிறார்கள்! ‘எனக்கு வயது 27, எனக்கு எதற்கு ஸ்கேன்’ என்று கேட்கும் பெண்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வெளிநோயாளிப் பிரிவில் 36 வயதுப் பெண் ஒருவர். டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கணிக்க மூன்றாம் மாத முடிவில் எடுத்த டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை என் மேஜையில் வைத்தார். ‘ஹை ரிஸ்க்’ என்று தடித்த எழுத்து, பக்கத்தில் 1:180. காகிதத்தின் ஓரம் கை வியர்வையில் நைந்திருந்தது. கூட வந்த மாமியார், “லேப்ல இருந்தவரு குழந்தைக்கு மூளை வளராதுன்னு சொல்லிட்டாரு டாக்டர்” என்றார். நான் அந்தப் பெண்ணிடம், “இதே ரிப்போர்ட்டோடு 180 பேர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அதில் எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, “ஒருத்தருக்கா?” என்றார். ஒருத்தருக்குத்தான். மீதி 179 பேர் சும்மா பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 250-க்கு ஒன்றைவிட வாய்ப்புக் கூடினால் ‘ஹை ரிஸ்க்’ என்று அச்சடிப்பது பல பரிசோதனைக்கூடங்களின் வழக்கம். அதன் பொருள், அடுத்த சோதனையை யோசியுங்கள் என்பது மட்டுமே. சலித்தெடுப்பது வேறு, உறுதிசெய்வது வேறு. தாயின் ரத்தத்தில் பார்க்கும் புதிய சோதனைகூடச் சலிப்பதுதான். பனிக்குட நீரோ நஞ்சுக்கொடியின் துணுக்கோ எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. அந்தப் பெண் அப்புறம் என்ன முடிவெடுத்தார் என்பது அவருடைய சொந்த விஷயம். அதை இந்த மேடையில் சொல்லமாட்டேன்.

சரி, வயதுக்கும் குரோமோசோமுக்கும் என்ன உறவு? இந்தக் கேள்விக்கு முதல் தெளிவான விடை 1933-இல் இங்கிலாந்தில் கிடைத்தது. லயனெல் பென்ரோஸ் என்ற மருத்துவர், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். வயதான தாய்க்குப் பெரும்பாலும் கணவரும் வயதானவராகத்தான் இருப்பார், குழந்தையும் ஐந்தாவதோ ஆறாவதோவாக இருக்கும். எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது? பென்ரோஸ் புள்ளியியல் முறையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார். தந்தையின் வயது கழிந்தது, எத்தனையாவது பிள்ளை என்பதும் கழிந்தது, தாயின் வயது மட்டும் நின்றது. 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதுதான் விஷயம் என்று 1959-இல் பாரிஸில் கண்டுபிடிக்கப்படுவதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே, கண்ணால் எதையும் பார்க்காமல், குடும்பக் கணக்குகளை மட்டும் வைத்து அவர் இதைச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சிகளில் ஒன்று.

பெண்ணின் கருமுட்டைகள் அவள் வயதுக்கு வந்தபின் உண்டாவதில்லை. அவள் தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே 60, 70 லட்சம் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்படையும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் வெளிவருவது மொத்தமாக நானூறோ ஐந்நூறோ. மற்றதெல்லாம் தானாகவே அழிந்துபோகும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அழியும். ஒவ்வொரு முட்டையும் தன் குரோமோசோம்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்தபடி, பாதி வேலையில் அப்படியே நின்றுவிடுகிறது. வேலை மீண்டும் தொடங்குவது அது வெளிவரும் மாதத்தில். இருபது வயதில் வெளிவரும் முட்டை இருபது வருடம் காத்திருந்தது, நாற்பதில் வெளிவருவது நாற்பது வருடம். அந்தச் சோடிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது கோஹீசின் என்ற புரதம். கல்யாணப் பட்டுப்புடவையை மடித்து வைத்துப் பல வருடம் பிரிக்காமல் விட்டால், கிழிவது மடிப்பில்தானே? அதைப் போல இந்தப் புரதமும் வருடக் கணக்கில் இற்றுப்போகிறது. பிரியவேண்டிய நேரத்தில் குரோமோசோம்கள் சரியாகப் பிரிவதில்லை. ஒன்று கூடுதலாகப் போகும், அல்லது ஒன்று குறையும்.

அப்படிக் கூடியும் குறைந்தும் போன கருக்களில் பெரும்பாலானவை பிறக்கும்வரை வருவதே இல்லை, முதல் மூன்று மாதத்துக்குள் கலைந்துவிடுகின்றன. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். நார்வே நாட்டின் பதிவேடுகளை வைத்து 2019-இல் வந்த பெரிய ஆய்வு, 25-29 வயதில் கருச்சிதைவு சுமார் 10 விழுக்காடு என்றது. 45-க்கு மேல் அது 50 விழுக்காட்டைத் தாண்டியது. இருபதுக்குக் குறைந்த வயதிலும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கரு கலைந்த வீட்டில் நடக்கும் விசாரணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பப்பாளி தின்றாயா, அன்னாசி தின்றாயா, ஸ்கூட்டியில் போனாயா, கிரகணத்தன்று வெளியே வந்தாயா. முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி, ஏற்கெனவே அழுது வீங்கிய கண்ணோடு, போன வாரம் கல்யாண விருந்தில் இரண்டு துண்டு அன்னாசி சாப்பிட்டதற்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பாள். அந்தக் கரு கலையும் என்பது பெரும்பாலும், அது உருவான அன்றே முடிவாகிவிட்ட விஷயம். அவள் எதையும் தின்று கெடுக்கவில்லை.

முட்டையின் வயதுதான் கணக்கு என்பதற்கு ஓர் உதாரணம்: 2019-இல் குண்டூரில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாளுக்கு இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பத்திரிகைகள் கொண்டாடின. அது அதிசயமில்லை, தானமாகப் பெற்ற கருமுட்டை. இளம்பெண்ணின் முட்டையை வைத்தால் எழுபது வயதுக் கருப்பையும் குழந்தையைத் தாங்கும். ஆக, குரோமோசோமின் ஆபத்து முட்டையின் வயதைப் பொறுத்தது. ஆனால் அந்த வயதில் இருதயமும் ரத்தக்குழாயும் என்ன பாடுபடும் என்பதைக் கொண்டாடியவர்கள் எழுதவில்லை. இதெல்லாம் நடந்தபிறகு 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று உச்சவரம்பு வைத்தது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது யார் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுவது என்ற கேள்வியும் மருத்துவத்தைச் சேர்ந்ததுதான்.

முட்டைக்கு ஒரு வயது என்றால் உடம்புக்கு இன்னொரு வயது. வயது கூடக் கூட பிபி, சுகர், தைராய்டு, கருப்பையில் நார்க்கட்டி எல்லாம் கூடுகின்றன. பிபி கூடிச் சிறுநீரில் புரதம் போகும் நிலை, நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மறைப்பது, குறைப்பிரசவம், சிசேரியன் எல்லாமே சரிவில் மேலே போகின்றன. இரட்டைக் குழந்தைகூட முப்பதுகளின் பின்பாதியில் இயல்பாகவே அதிகம். மூளையிலிருந்து வரும் ஹார்மோன் கூடி, ஒரே மாதத்தில் இரண்டு முட்டை வெளிவந்துவிடும்.

ஆனால் குரோமோசோம் கோளாறுக்கும் இவற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முட்டையின் வயதை யாராலும் குறைக்க முடியாது. இவற்றில் பலவற்றை முன்கூட்டியே கண்டுபிடித்து அடக்க முடியும். கர்ப்பகாலச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வரச்சொன்னால் கிராமத்துப் பெண் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் மயங்கி விழுவாள், அல்லது வரவே மாட்டாள். நம் சென்னையின் டாக்டர் வி. சேஷையா இதற்கு வழி சொன்னார். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்றார். முதல் வருகையில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொருமுறை. இன்று நாடு முழுக்க அரசு பின்பற்றும் முறை இது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக இருக்கிறது. ஒரு மருத்துவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை வேறென்ன இருக்க முடியும்?

அதேபோல ஆஸ்பிரின். மருந்துக்கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மாத்திரை. பிபி கூடும் வாய்ப்புள்ளவர்களுக்குக் குறைந்த அளவில் மூன்றாம் மாத முடிவிலிருந்து தினமும் இரவில் கொடுத்தால், 37 வாரத்துக்கு முன் வரும் கடுமையான பிபி கோளாறு பாதிக்கு மேல் குறைகிறது என்று 2017-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டாக்டரிடம், எனக்குத் தேவையா என்று கேளுங்கள். கேட்கவேண்டிய காலம் பதினாறு வாரத்துக்கு முன். ஐந்தாம் மாதம் முடிந்து, ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

‘இரண்டு மடங்கு’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 39-40 வாரத்தில் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து இளையவர்களைவிட இரண்டு மடங்கு என்று படித்தால் நெஞ்சு அடைக்கும். எண்ணைப் பாருங்கள். 35-க்குக் குறைந்தவர்களுக்கு 1,000-இல் சுமார் ஒன்று, நாற்பதுக்கு மேல் 1,000-இல் சுமார் இரண்டு. 998 பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள். அந்தக் கூடுதல் ஒன்றையும் தவிர்க்கத்தான், நாற்பதைத் தாண்டியவர்களை நாள் கடக்க விடாமல் வலி வரவழைக்கிறோம். “வலி தானா வரட்டுமே டாக்டர், நல்ல நாள் வர்ற வெள்ளிக்கிழமைதான்” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், மன்னிக்க வேண்டும்.

இங்கே ஒரு பாட்டி கை தூக்குவது தெரிகிறது. என்ன கேட்பீர்கள் என்றும் தெரியும். “எங்க அம்மா நாற்பத்திரண்டு வயசுல என் கடைசித் தம்பியைப் பெத்தாங்க, வீட்டிலேயே. அப்ப எந்த ஸ்கேன் இருந்தது?” உண்மைதான். அம்மாவும் மகளும் ஒரே சமயத்தில் மசக்கையாக இருந்த வீடுகள் நம் ஊரில் ஏராளம். ஆனால் உங்கள் அம்மாவுக்கு அது எட்டாவது பிரசவம். எட்டாவது பிள்ளையை 42-இல் பெறுவதும் முதல் பிள்ளையை 42-இல் பெறுவதும் ஒன்றல்ல. அதோடு, பிழைத்தவர்களின் கதையைத்தான் நாம் கேட்கிறோம். ‘இரண்டாந்தாரமாக வந்த சின்னம்மா’ என்று எத்தனை குடும்பங்களில் சொல்வார்கள்! முதல் தாரம் எப்படிப் போனாள் என்று கேட்டால், பல வீடுகளில் பதில் பிரசவம்தான்.

கர்ப்பம் தரிப்பதே கடினமாவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரான்ஸில் 1982-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அருமையானது. கணவருக்கு விந்தணுவே இல்லாததால் தானமாகப் பெற்ற விந்தணுவால் கருத்தரிக்க முயன்ற 2,193 பெண்கள். ஆகவே கணவரின் வயதோ, தாம்பத்திய உறவு குறைந்ததோ கணக்கைக் குழப்பாது. ஒரு வருட முயற்சியில் 30 வயதுவரை உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 73, 74 பேர் கருவுற்றார்கள். 31-35 வயதில் 61. அதற்கு மேல் 54. அச்சப்பட்டவர்கள் இதை ‘முப்பதில் வீழ்ச்சி’ என்று படித்தார்கள். நான் இதை ‘36 வயதிலும் பாதிப் பேருக்கு மேல் ஒரே வருடத்தில்’ என்று படிக்கிறேன். இரண்டும் அதே எண்கள்தான். நடைமுறையில் செய்யவேண்டியது, 35-க்கு மேல் இருந்தால் ஒரு வருடம் காத்திராமல் ஆறு மாதத்தில் டாக்டரைப் பார்ப்பது. நாற்பதானால் காத்திருக்கவே வேண்டாம். போகும்போது கணவரும் கூடப் போக வேண்டும், அவருடைய பரிசோதனைதான் சுலபம், செலவும் குறைவு. கருமுட்டையை உறைய வைப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: முட்டைக்கு உறைந்த நாளின் வயதுதான், ஆனால் அது குழந்தைக்கு உத்தரவாதம் இல்லை.

கணவர் என்றதும் பென்ரோஸிடம் ஒருமுறை திரும்பிப் போகிறேன். தாயின் வயதைக் கண்டுபிடித்த அதே மனிதர்தான் 1955-இல், சில மரபுக் கோளாறுகள் தந்தையின் வயதோடு கூடுவதையும் எடுத்துக்காட்டினார். கைகால் குட்டையாகப் பிறக்கும் ஒருவகைக் குள்ளத்தன்மை அதற்கு உதாரணம். ஆணின் விந்தணு வாழ்நாள் முழுக்கப் புதிது புதிதாகப் படியெடுக்கப்படுகிறது, ஒவ்வொரு படியிலும் எழுத்துப் பிழை சேர்கிறது. ஐஸ்லாந்தில் 2012-இல் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து மரபணு முழுவதையும் வாசித்துப் பார்த்ததில், தந்தைக்கு ஒரு வயது கூடினால் பிள்ளைக்குச் சுமார் இரண்டு புதிய பிழை கூடுகிறது என்று தெரிந்தது. பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் நாற்பத்தைந்து வயது மாப்பிள்ளைக்கு ‘ஆம்பளைக்கு என்ன வயசு’ என்று பெண் தேடும் நண்பர்கள் இதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இனி அட்டையில் நாங்கள் அடிக்கோடிடாத வயதுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் 35-ஐப் பேசியதே இதற்காகத்தான்.

எங்கள் வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். கர்ப்பிணி சின்னப் பெண்ணாகத் தெரிந்தால் வயதைக் கேட்கமாட்டார். கேட்டால், பக்கத்தில் நிற்கும் மாமியார், “பத்தொன்பது முடிஞ்சிருச்சும்மா” என்று முந்திக்கொள்வார். அதனால் அந்தச் சிஸ்டர் பிபி பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, “பத்தாவது எந்த வருஷம்மா எழுதினே?” என்று கேட்பார். ஒரு பெண் வெள்ளந்தியாகச் சொன்னாள்: “நான் எழுதவே இல்ல சிஸ்டர். கொரோனாவுல எல்லாருக்கும் பாஸ் போட்டாங்கல்ல, அதுல ரெண்டாவது வருஷம்.” சிஸ்டர் மனத்துக்குள் கணக்குப் போட்டு என்னைப் பார்த்தார். பதினேழு. ஹீமோகுளோபின் எட்டைத் தொடவில்லை. ஏழாம் மாதம், முதல்முறையாக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

பதினாறு, பதினேழு வயதில் இடுப்பெலும்பு முழுதாக வளர்ந்து முடிந்திருக்காது. தானே வளரும் பெண் இன்னொரு உயிரையும் வளர்க்க வேண்டும், இருவருக்கும் ஒரே சோறு. ரத்தசோகை, வலிப்பு வரும் அளவுக்கு ஏறும் பிபி, பிரசவத்துக்குப் பின் கருப்பையில் கிருமித்தொற்று, எடை குறைந்த குழந்தை, குறைப்பிரசவம் எல்லாமே இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களைவிட இந்தப் பெண்களுக்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 22,000-க்கு மேற்பட்ட தாய்மார்களைத் தொடர்ந்து பார்த்து 2015-இல் வெளிவந்த ஆய்வில் நம் நாட்டிலிருந்து டெல்லி இருந்தது. 19 வயதுக்கு உட்பட்ட தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எடை குறைந்து பிறந்ததோடு நிற்கவில்லை. இரண்டு வயதில் வளர்ச்சி குன்றியிருந்தார்கள், உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் நின்றவர்களும் அவர்களில் அதிகம். 35-ஐத் தாண்டிய தாய்களுக்குக் குறைப்பிரசவம் கூடுதலாக இருந்தாலும், அவர்களுடைய பிள்ளைகள் வளர்ச்சியிலும் படிப்பிலும் முன்னால் இருந்தார்கள். சிவப்பு எழுத்தை எந்த வயதுக்குப் போட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் மாநிலத்தில் இதெல்லாம் எங்கே என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது: தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 நிறையுமுன் திருமணமானவர்கள். 15-19 வயதுப் பெண்களில் 6.3 விழுக்காட்டினர் ஏற்கெனவே தாய், அல்லது கர்ப்பிணி. நாட்டின் சராசரி 6.8. பள்ளிக்கூடம், பஸ், சைக்கிள், லேப்டாப் எல்லாம் கொடுத்த மாநிலம், இந்த ஒரு கணக்கில் நாட்டின் சராசரியை ஒட்டியே நிற்கிறது. நம் கர்ப்பிணிகளில் 48 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை.

கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே இதைப் பேசியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை சட்டமன்றத்தில் பெண்களின் திருமண வயதை உயர்த்தக் குரல் கொடுத்த மருத்துவர். 1929-இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வந்தபோது பெண்ணுக்கு 14 வயது என்று வைத்தார்கள். 18 ஆனது 1978-இல். இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் மகப்பேறு நிதியுதவிக்கு அவர் பெயர்தான். அவர் பெயரில் பணம் வாங்கும் பெண்ணின் வயதை அட்டையில் பொய்யாக எழுதச் சொல்லும் மாமியாரைப் பார்த்தால் அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார்!

ஏன் பொய் சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 18 வயதுக்குக் குறைந்த கர்ப்பிணி வந்தால் காவல்துறைக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று, சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் எங்களைக் கட்டுகிறது. மனைவியானாலும் 18 நிறையாவிட்டால் அவளோடு உடலுறவு குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. சட்டம் சரி. ஆனால் அதற்குப் பயந்து ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் ஏழு மாதம் ஒளித்து வைக்கிறார்களே, அந்த ஏழு மாதத்தில்தான் ரத்தம் குறைகிறது, பிபி ஏறுகிறது. சிலர் யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டு ரத்தம் கொட்டக் கொட்ட வருகிறார்கள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரை டாக்டர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022-இல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் சில பெண்கள் உயிரோடு இருந்திருப்பார்கள்.

முப்பதைத் தாண்டி வருபவர்களைத் திட்டாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் யாரும் வேண்டுமென்று தள்ளிப்போட்டவர்கள் இல்லை. படிப்பு, வேலை, வீட்டுக் கடன், தம்பி படிப்பு. செவ்வாய் தோஷம் என்று நாலு வருடம் ஜாதகக் கட்டோடு அலைந்தது பெற்றோர், கேள்வி கேட்பது அவளை. மாநில அரசு ஊழியருக்கு ஒரு வருடம் மகப்பேறு விடுப்பு இருக்கிறது. துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போடாமல் என்ன செய்வாள்?

நேரம் ஆகிவிட்டது, கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கர்ப்பம் தரிக்க நினைக்கும்போதே, எந்த வயதானாலும், பிபி, சுகர், தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பிருந்தே தொடங்குங்கள். நாள் தள்ளியவுடன் வாருங்கள். 11 வாரத்திலிருந்து 14 வாரம் முடியுமுன் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். வயதை எங்களிடம் உள்ளபடி சொல்லுங்கள், நாங்கள் திட்டினால் எங்களையும் திருப்பித் திட்டுங்கள்.

உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், பதினெட்டு நிறையாத பெண்ணுக்குப் பத்திரிகை அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், அழைத்தவர் யார் என்று பெண் வீட்டாருக்குச் சொல்லமாட்டார்கள். கல்யாணத்துக்கு முன் போடுங்கள்.